டமாலேயில் வெயில் இருக்கிறது. இரவுக்கு என்ன வழி?

கானா நாட்டின் வடபகுதியில் மிகப் பெரிய ஊர் டமாலே. சுற்றுப்புறத்தையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் தக்பானி மொழி பேசும் தகொம்பா இனத்தவர், இஸ்லாமியர். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9.4 பாகையில் ஊர் இருக்கிறது. நம் சிவகாசியும் கமுதியும் ஏறத்தாழ இதே கோட்டில்தான் இருக்கின்றன. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைந்தது பலருக்கு நினைவிருக்கும். ஆண்டின் எந்த நாளை எடுத்தாலும் நண்பகலில் கமுதிக்கு மேல் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, டமாலேக்கு மேலும் அதே உயரத்தில்தான் நிற்கும்.

ஆனால் கானாவின் மொத்த மின் உற்பத்தியில் சூரிய ஒளியின் பங்கு ஒரு சதவீதத்தை ஒட்டியே இருந்துவந்திருக்கிறது. டமாலேயின் வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடுகள் (இனி பேனல்) குறைவு. காரணம் கேட்டால் ‘செலவு’ என்று ஒரே சொல்லில் பதில் வரும். அது சரியான பதில்தான். ஆனால் எந்தப் பொருளுக்கு, எதனால், எப்போது செலவு என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் வெயில். அதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு நாள் முழுவதும் விழும் ஒளியாற்றலைக் கூட்டி, மின்கட்டணச் சீட்டில் நாம் காணும் யூனிட் கணக்கிலேயே சொல்லலாம். 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் ஆற்றல் ஒரு யூனிட். டமாலேயில் ஆண்டுச் சராசரி, நாளொன்றுக்கு ஐந்தரை யூனிட்டை ஒட்டி இருக்கிறது. ஜெர்மனியில் அது மூன்றை ஒட்டியே இருக்கிறது. ஆனால் கூரைகளில் லட்சக்கணக்கான பேனல்களைப் பதித்த நாடு ஜெர்மனிதான்.

சராசரியைவிட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது: ஆண்டின் மிக மோசமான மாதத்தில் எவ்வளவு கிடைக்கும்? ஜெர்மனியில் டிசம்பர் மாத வெயில், ஜூன் மாத வெயிலில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. டமாலேயில் மோசமான மாதம் ஆகஸ்ட். அங்கே மழைக்காலம் ஒன்றுதான். மே முதல் அக்டோபர் வரை பெய்யும், ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் உச்சத்தில் இருக்கும். வானம் மூடிக்கிடக்கும் அந்த ஆகஸ்டிலும் நாளொன்றுக்கு நாலரை யூனிட்டை ஒட்டிய ஒளி விழுகிறது. சராசரியில் ஐந்தில் நான்கு பங்கு. ஆகவே கோடையில் சேமித்துக் குளிர்காலத்தில் செலவழிக்க வேண்டிய தேவை டமாலேக்கு இல்லை. ஒவ்வொரு நாளும் அந்த நாளின் பாட்டைப் பார்த்துக்கொண்டால் போதும். இந்தச் சீரான தன்மை, வெயிலின் அளவைவிடவும் பெரிய சொத்து.

விழும் ஒளி முழுவதும் மின்சாரமாவதில்லை. ஒரு கிலோவாட், அதாவது 1,000 வாட் திறன் கொண்ட பேனல்களை நல்ல வெயிலில் வைத்தால், ஏட்டுக் கணக்கின்படி ஒரு நாளில் ஐந்தரை யூனிட் வர வேண்டும். சூடு, தூசி, கம்பியில் போகும் இழப்பு, மின்சாரத்தை மாற்றித்தரும் கருவியில் போகும் இழப்பு எல்லாம் கழிந்து நான்கு யூனிட்டை ஒட்டிக் கைக்கு வரும். பேட்டரியில் ஏற்றி இறக்கினால் இன்னும் கொஞ்சம் குறையும்.

இழப்புகளில் சூடு பலர் எதிர்பாராதது. பேனலுக்கு வேண்டியது ஒளி, வெப்பம் அல்ல. பேனலின் பின்புறம் எழுதியிருக்கும் வாட் அளவு, அதன் உட்சில்லுகள் 25 பாகை செல்சியஸில் இருக்கும்போது அளந்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் உற்பத்தி சுமார் 0.35 சதவீதம் குறையும். டமாலேயில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பகல் வெப்பம் 40 பாகையை நெருங்கும். தகரக் கூரையோடு ஒட்டிப் பதித்த பேனலின் உட்சூடு 65 பாகைக்குப் போகலாம். நாற்பது பாகை கூடுதல் என்றால் 14 சதவீத இழப்பு. கூரைக்கும் பேனலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டால் காற்று நுழைந்து சூட்டைத் தணிக்கும். கூடுதல் செலவு சில இரும்புத் துண்டுகள்தான்.

அடுத்தது தூசி. இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். டமாலேயைச் சிவகாசியிலிருந்து பிரிப்பது இதுதான். நவம்பர், டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை சகாராப் பாலைவனத்திலிருந்து வடகிழக்குக் காற்று வீசுகிறது. அதற்கு ஹார்மட்டான் என்று பெயர். சாட் நாட்டின் போதேலே பள்ளத்திலிருந்து நுண்ணிய மண்ணை அள்ளிக்கொண்டு வரும். உலகில் காற்றில் எழும் தூசிக்கு மிகப் பெரிய ஊற்றுகளில் ஒன்று அந்தப் பள்ளம். அது பழைய ஏரிப்படுகை என்பதால் தூசி மாவுபோல் மெல்லியது. ஹார்மட்டான் நாட்களில் உதடு வெடிக்கும், மரக்கதவு சுருங்கும், தொலைவில் இருக்கும் மசூதிக் கோபுரம் மங்கலாகத் தெரியும்.

பேனலை இது இரண்டு வழிகளில் பாதிக்கிறது. ஒன்று, வானில் மிதக்கும் தூசி நேர்க்கதிரைச் சிதறடிக்கிறது. இது நினைப்பதைவிடக் குறைந்த பாதிப்பு. சாதாரணப் பேனல் நேர்க்கதிரை மட்டும் நம்பியிருப்பதில்லை. வானம் முழுவதிலிருந்தும் வரும் சிதறிய ஒளியையும் மின்சாரமாக்கும். கண்ணாடிகளால் ஒளியைக் குவித்து வேலைசெய்யும் நிலையங்களுக்குத்தான் இப்படிப்பட்ட வானம் ஒத்துவராது. இரண்டாவது பாதிப்பு, பேனலின் மேல் படியும் தூசி. இது நாளுக்கு நாள் கூடும். மழைக்காலத்தில் மழையே கழுவிவிடும். நவம்பரிலிருந்து மார்ச் வரை டமாலேயில் மழை என்பதே அரிது. சில வாரங்கள் கவனிக்காமல் விட்டால் உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கு போவது சாதாரணம். அதற்கு மேலும் போகும்.

ஆகவே கழுவ வேண்டும். கழுவத் தண்ணீர் வேண்டும். வெள்ளை வோல்டா ஆற்றிலிருந்து எடுத்து, டலூன் சுத்திகரிப்பு நிலையம் வழியாகத்தான் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வருகிறது. வறண்ட மாதங்களில் பல பகுதிகளுக்கு அது தொடர்ந்து கிடைப்பதில்லை. இரண்டு பேனலைக் கழுவ ஒரு வாளி போதும் என்பது உண்மை. அந்த ஒரு வாளியைக் கூரைக்கு ஏற்ற ஏணியும் ஆளும் வேண்டும் என்பதும் உண்மை. விடியற்காலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது கழுவ வேண்டும். நண்பகல் சூட்டில் குளிர்ந்த நீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் காணலாம். உலர்ந்த துணியால் தேய்ப்பதும் கூடாது. மண்துகள் கண்ணாடியைக் கீறும்.

சாய்வுக் கோணத்துக்கும் இதில் பங்கு உண்டு. வடக்கே 9.4 பாகையில் இருக்கும் ஊரில் தெற்கு நோக்கி ஏறத்தாழ பத்துப் பாகை சாய்த்தால் ஆண்டு முழுவதும் நல்ல விளைச்சல். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். அப்போதும் சாய்வு இவ்வளவு குறைவாக இருப்பதால் இழப்பு சிறியது. வெயில் கணக்குக்காக மட்டும் என்றால் பேனலைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்தாலும் பெரிய நட்டமில்லை. ஆனால் படுத்த பேனலில் மழைநீர் தேங்கிச் சேறாகக் காயும். பத்துப் பாகை இருந்தால் நீர் வழிந்து தூசியையும் இழுத்துக்கொண்டு போகும்.

கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டமாலேயின் பழைய வீடுகள் புல் வேய்ந்த வட்டக் குடிசைகள், நடுவே முற்றம். இப்போது பெரும்பாலும் செவ்வக அறைகள், மேலே நெளி அலுமினியத் தகடு. தகடு மெல்லியது, தாங்குவது அதன் கீழே இருக்கும் மரச்சட்டம். பேனல் ஒன்று இருபது முதல் இருபத்தைந்து கிலோ இருக்கும். எடையைக் கூரை பொதுவாகத் தாங்கிவிடும். பயப்பட வேண்டியது காற்றுக்கு. மழைக்காலம் தொடங்கும் முன் வரும் சூறைக்காற்றுகள் வடகானாவில் கூரைகளையே பிய்த்து எறிவது வழக்கம். பேனலைத் தகட்டில் திருகினால் போதாது; சட்டத்தில் திருக வேண்டும். சட்டம் கரையான் அரித்ததாக இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும்.

வெயில் பக்கம் இவ்வளவு. இனி வீட்டுப் பக்கம்.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதைக் கருவி கருவியாகக் கூட்டலாம். டமாலேயின் நடுத்தர வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். எட்டு வாட் எல்இடி விளக்குகள் ஆறு, ஐந்து மணி நேரம்: 240 வாட்-மணி. ஐம்பது வாட் மின்விசிறி இரண்டு, பத்து மணி நேரம்: 1,000 வாட்-மணி. தொலைக்காட்சி 60 வாட், ஐந்து மணி நேரம்: 300. கைப்பேசிகளுக்கு 60. மொத்தம் 1,600 வாட்-மணி, அதாவது 1.6 யூனிட். சிக்கனமான சிறிய குளிர்பதனப் பெட்டி ஒன்று சேர்ந்தால் இன்னொரு யூனிட், ஆக 2.6.

மோசமான மாதமான ஆகஸ்டின் நாலரை யூனிட் வெயிலை வைத்து, எல்லா இழப்புக்கும் முப்பது சதவீதம் தள்ளினால், ஒரு கிலோவாட் பேனல் தருவது சுமார் 3.15 யூனிட். நமக்கு வேண்டியது 2.6. ஆகவே 450 வாட் பேனல் இரண்டு இருந்தால் போதும். அவை அடைக்கும் இடம் நாலரை சதுர மீட்டருக்குள். ஓர் அறையின் கூரையில் ஒரு மூலை. வெயிலும் இடமும் டமாலேயின் தடை அல்ல என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. உலகச் சந்தையில் பேனலின் விலை 2010க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் சுமார் 90 சதவீதம் விழுந்தது. இரண்டு பேனலின் விலை இன்று இந்த அமைப்பின் மொத்தச் செலவில் சிறு பங்குதான்.

இந்தக் கணக்கில் துணி தேய்க்கும் பெட்டி இல்லை, மின் கெண்டி இல்லை. வேண்டுமென்றே விட்டது. தேய்ப்புப் பெட்டி 1,000 வாட் இழுக்கும். அரை மணி நேரம் தேய்த்தால் அரை யூனிட்தான் செலவு. ஆனால் அந்த அரை மணி நேரமும் 1,000 வாட்டை ஒரே மூச்சில் தரக்கூடிய பெரிய கருவி வேண்டும். ஒரு நாளில் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதும், ஒரு நொடியில் எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்பதும் வெவ்வேறு. முதலாவது பேனலின் அளவையும் பேட்டரியின் அளவையும் தீர்மானிக்கிறது. இரண்டாவது இன்வெர்ட்டரின் அளவைத் தீர்மானிக்கிறது. பேனலும் பேட்டரியும் தரும் நேர்மின்சாரத்தை வீட்டுக் கருவிகளுக்கு ஏற்ற மாறுமின்சாரமாக மாற்றுவது இன்வெர்ட்டர். சோலார் வாங்கி ஏமாந்தோம் என்று சொல்பவர்களில் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறோம். மேலே கூட்டிய 2.6 யூனிட்டில் பகலில் செலவாவது எவ்வளவு? விளக்கு முழுவதும் இரவு. தொலைக்காட்சி பெரும்பாலும் மாலைக்குப் பின். மின்விசிறி பெரும்பாலும் தூங்கும்போது. டமாலேயில் ஆண்டு முழுவதும் சூரியன் ஆறு மணியை ஒட்டி மறைந்துவிடும். ஏப்ரல் மாதத்தின் வெக்கை நள்ளிரவு தாண்டியும் சுவர்களிலிருந்து இறங்காது. ரமலான் மாதத்தில் விடியலுக்கு முந்தைய உணவுக்காக வீடு விழித்திருக்கும். குளிர்பதனப் பெட்டியின் பாதிப் பங்கும் இரவுக்குத்தான். கூட்டிப்பார்த்தால் 1.8 யூனிட்டை ஒட்டி இருட்டில் செலவாகிறது. மின்சாரம் விளைவது பகலில், செலவு இரவில். இரண்டையும் இணைப்பது பேட்டரி. இந்த அமைப்பில் விலை கூடியதும் ஆயுள் குறைந்ததும் அதுவே.

டமாலேயின் கடைகளில் இரண்டு வகை பேட்டரிகள் கிடைக்கின்றன. ஒன்று, பழகிப்போன ஈய-அமில பேட்டரி. மற்றது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. சுருக்கமாக லித்தியம் என்போம். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். ஆகவே 1.8 யூனிட் எடுக்க 3.6 யூனிட் கொள்ளளவு வாங்க வேண்டும். பன்னிரண்டு வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று 1.2 யூனிட் கொள்ளும், அப்படி மூன்று. லித்தியத்தை எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை இறக்கலாம். 2.4 யூனிட் கொள்ளளவுள்ள ஒன்றே போதும்.

ஆயுளில் வித்தியாசம் இன்னும் பெரிது. தினமும் பாதி வரை இறக்கி ஏற்றினால் சாதாரண ஈய பேட்டரி இரண்டு, மூன்று ஆண்டு. நல்ல லித்தியம் பத்தாண்டு வரை. அதிலும் ஈய பேட்டரியின் ஆயுள் 25 பாகையில் கணக்கிட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது என்பது பொறியாளர்களின் நெடுங்கால அனுபவ விதி. அலுமினியக் கூரையின் கீழ், காற்றோட்டம் இல்லாத அறையின் மூலையில் வைத்த பேட்டரிக்கு என்ன ஆகும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். லித்தியமும் சூட்டை விரும்பாது. ஆனால் இவ்வளவு விரைவாகச் சாகாது. எதுவானாலும் வீட்டில் மிகக் குளிர்ந்த இடம் அதற்குத்தான் போக வேண்டும்.

இருந்தும் பலர் ஈய பேட்டரியை வாங்குகிறார்கள், ஏனென்றால் இன்று கையிலிருந்து போகும் பணம் குறைவு. இன்னும் பணம் குறைந்தவர்கள் லாரியில் இருந்து கழற்றிய பழைய பேட்டரியை வாங்குகிறார்கள். அது எஞ்சினைக் கிளப்ப, சில நொடிகள் பெரும் மின்னோட்டம் தருவதற்காகச் செய்தது. இரவெல்லாம் மெதுவாக மின்சாரம் தர அது ஏற்றதல்ல. சில மாதங்களில் கைவிடும். கைவிட்ட பேட்டரியைக் காயலான் கடைக்காரர் எடுத்துப்போவார். ஈயத்தை உருக்கி எடுக்கும் வேலை முறையான ஆலைகளில் மட்டும் நடப்பதில்லை, திறந்தவெளியிலும் நடக்கிறது. ஈயப் புகையும் மண்ணில் இறங்கும் ஈயம் கலந்த அமிலமும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியவை. சூரிய மின்சாரத்தின் கணக்கில் பெரும்பாலும் எழுதப்படாத செலவு இது.

இந்த இடத்தில் நியாயமான கேள்வி ஒன்று எழும். டமாலே காட்டுக்குள் இருக்கும் ஊர் அல்ல. அங்கே அரசு மின்கம்பி இருக்கிறது. இரவுக்கு அதை வைத்துக்கொள்ளலாமே? வைத்துக்கொள்ளலாம்; ஆனால் அந்தக் கம்பியின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கானாவின் மின்சாரம் நெடுங்காலம் ஒரே அணையை நம்பியிருந்தது. வோல்டா ஆற்றின் குறுக்கே அகோசோம்போ அணை 1965இல் கட்டி முடிந்து, 1966 ஜனவரியில் திறக்கப்பட்டது. அந்த மின்சாரம் முதலில் தெற்கே இருந்த அலுமினிய உருக்காலைக்கும் நகரங்களுக்கும் போனது. வடக்கே பெரிய கம்பித்தடம் வந்துசேர 1980களின் பிற்பகுதி ஆயிற்று. வறட்சி வந்தால் அணை வற்றும், மின்வெட்டு வரும். 1983-84இலும், 1998இலும், 2006-07இலும் அப்படித்தான் ஆனது. பிறகு எரிவாயு நிலையங்கள் கூடின. நைஜீரியாவிலிருந்து எரிவாயு கொண்டுவரும் கடலடிக் குழாய் 2012 ஆகஸ்டில் ஒரு கப்பலின் நங்கூரம் பட்டு உடைந்தது. அதையொட்டித் தொடங்கிய நீண்ட மின்வெட்டுக் காலத்தை, போவதும் வருவதுமான மின்சாரம் என்ற பொருளில், கானா மக்கள் ‘டும்சோர்’ என்றார்கள். 2016 வரை அது நீடித்தது. 2024இல் அந்தப் பெயர் மீண்டும் பேச்சில் அடிபட்டது.

ஆகவே டமாலேக்காரர் பேனல் வாங்க நினைப்பது பெரும்பாலும் கட்டணத்தைக் குறைக்க மட்டுமல்ல. மின்வெட்டின்போது வீட்டில் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான். இங்கேதான் ஒரு தொழில்நுட்ப உண்மை பலருக்கு அதிர்ச்சி தருகிறது. மலிவான இன்வெர்ட்டர் வகை ஒன்று, பேட்டரி இல்லாமல், அரசு மின்கம்பியோடு இணைந்து வேலைசெய்யும். கம்பியில் மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் வீட்டில் விளக்கு எரியாது. சுருதிப்பெட்டி ஓய்ந்ததும் வாயை மூடிக்கொள்ளும் பாடகரைப் போன்றது அது: கம்பியில் ஓடும் அலையின் வேகத்தைக் கேட்டுத்தான் தன் அலையை அமைத்துக்கொள்கிறது. நின்றுவிடுவதற்குப் பாதுகாப்புக் காரணமும் உண்டு. மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி வேலைசெய்யும் தொழிலாளியை ஏதோ ஒரு வீட்டுக் கூரையின் மின்சாரம் தாக்கிவிடக் கூடாது.

மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால் கலப்பு வகை இன்வெர்ட்டர் வேண்டும். அது பேனல், பேட்டரி, அரசுக் கம்பி மூன்றையும் பார்த்து, எது இருக்கிறதோ அதிலிருந்து எடுக்கும். கம்பி செத்தால் வீட்டைக் கம்பியிலிருந்து துண்டித்துத் தனியாக ஓட்டும். விலை கூடுதல். ஆனால் கம்பி இருக்கும் ஊரில் இதற்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. கம்பியே இல்லாத கிராமத்து வீடு, தொடர்ந்து இரண்டு நாள் மேகம் மூடினாலும் சமாளிக்கும் அளவுக்குப் பேட்டரி வாங்க வேண்டும். டமாலே வீட்டுக்கு ஓர் இரவுக்கு மட்டும் போதும். மேகமூட்டமான நாளில் கம்பியிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம். சில மணி நேர மின்வெட்டைத் தாண்டுவதுதான் குறி என்றால் அதைவிடச் சிறிய பேட்டரியே போதும்.

கம்பியை இன்னொரு விதத்திலும் பயன்படுத்தலாம். பகலில் மிஞ்சும் மின்சாரத்தைக் கம்பிக்குக் கொடுத்து, இரவில் எடுக்கும் மின்சாரத்தோடு கழித்துக்கொள்வது. நெட் மீட்டரிங் என்பார்கள். கானாவின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் 2011இல் வந்து, 2020இல் திருத்தப்பட்டது. நெட் மீட்டரிங்குக்கு அங்கே விதிகள் இருக்கின்றன. ஆனால் வடக்கே மின்சாரம் வழங்கும் நெட்கோ நிறுவனத்துக்கு இதில் உற்சாகம் காட்டக் காரணம் குறைவு. அது அனுப்பும் மின்சாரத்தில் கணிசமான பகுதிக்கு ஏற்கெனவே பணம் வருவதில்லை. ஒழுங்காகக் கட்டணம் கட்டும் வசதியுள்ள வீடுகளே முதலில் பேனல் போடும்; அவற்றின் கட்டணமும் குறைந்தால் அதன் வருவாய் இன்னும் சுருங்கும். நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது புரியாத தயக்கம் அல்ல.

கட்டண முறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. டமாலேயில் பலர் ஒரே முற்றத்தைச் சுற்றிய அறைகளில் குடியிருப்பவர்கள். சில இடங்களில் உறவினர்கள், சில இடங்களில் வாடகைக்காரர்கள். பல குடும்பங்களுக்குச் சேர்த்து ஒரே மீட்டர் இருப்பது சாதாரணம். ஏழை வீடுகளுக்கென்று கானாவில் சலுகைக் கட்டணம் இருக்கிறது. மாதம் 50 யூனிட்டாக இருந்த அதன் வரம்பு 2022இல் 30 யூனிட்டாகக் குறைந்தது. நான்கு குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால் ஒவ்வொன்றும் பத்து யூனிட் செலவழித்தாலே வரம்பு தாண்டிவிடும். யாருக்காகச் சலுகை வந்ததோ அவர்களுக்கு அது கிடைக்காமல் போகிறது. பேனலால் மாதம் பத்து, இருபது யூனிட் குறைந்தால் இந்த வீடுகளுக்குப் பலன் கூடுதல். ஆனால் கூரை உரிமையாளருடையது, மின்செலவு குடியிருப்பவருடையது. அடுத்த ஆண்டு வேறு வீட்டுக்குப் போகக்கூடியவர் பிறர் கூரையில் ஏன் பணம் போடுவார்?

பணத்துக்கு வருவோம். பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர் மூன்றுமே பெரும்பாலும் சீனாவிலிருந்து டாலர் விலைக்கு வருகின்றன. கானாவின் நாணயமான சிடி 2022இல் கடுமையாக மதிப்பிழந்தது. உலகச் சந்தையில் விலை குறைந்தாலும் டமாலே கடையில் அதே அளவு குறையவில்லை என்றால் காரணம் இதுதான். அதைவிடப் பெரிய தடை, பத்தாண்டு மின்சாரத்தின் விலையை ஒரே நாளில் கட்ட வேண்டியிருப்பது. அரசு மின்சாரத்தையோ முன்பண மீட்டரில் கையில் இருக்கும் காசுக்கு ஏற்பப் போட்டுக்கொள்ளலாம். தவணை முறையில் சிறிய சூரிய அமைப்புகளை விற்கும் நிறுவனங்கள் இந்த இடைவெளியில்தான் நுழைந்தன. வாடிக்கையாளர் கைப்பேசிப் பணமான ‘மோமோ’ மூலம் தினமோ வாரமோ கட்டுவார். கட்டத் தவறினால் கருவி தானாகப் பூட்டிக்கொள்ளும். முழுத்தொகையும் கட்டியதும் கருவி அவருடையது. அக்ராவில் தொடங்கிய பெக் ஆப்பிரிக்கா இந்த வழியில் பல நாடுகளில் விற்றது. 2022இல் பிபாக்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. இந்த அமைப்புகளில் பெரும்பாலானவை சில விளக்கு, கைப்பேசி, வானொலி அளவுக்கே போதும். நாம் கணக்கிட்ட வீட்டுக்கு அவை பற்றாது.

அரசும் முயன்று பார்த்தது. 2016இல் கூரை சூரிய மின் திட்டம் ஒன்றை அறிவித்தது. வீடு ஒன்றுக்கு 500 வாட் வரை பேனல் இலவசம். நிபந்தனை: இன்வெர்ட்டர், பேட்டரி, கம்பி, தாங்கி எல்லாவற்றையும் வீட்டுக்காரர் முதலில் தன் செலவில் பொருத்தி, விளக்குகளையும் எல்இடியாக மாற்றியிருக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கோடு இதை வைத்துப் பார்த்தால் நிலைமை விளங்கும். அமைப்பில் விலை விழுந்துகொண்டிருக்கும் பொருளை அரசு தந்தது. விலை கூடிய, ஆயுள் குறைந்த பொருளை வீட்டின் தலையில் வைத்தது. ஏற்கெனவே பேட்டரி வாங்க வசதியுள்ளவர்களுக்குத்தான் அது பயன்பட்டிருக்க முடியும். திட்டம் தீட்டியவர்களின் நோக்கத்தில் குறை காண வேண்டியதில்லை. பேட்டரிக்கு மானியம் கொடுத்தால் அது சந்தையில் விற்கப்பட்டுவிடும் என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்திருக்கலாம். ஆனாலும் இன்று மறுபடி திட்டம் போடுபவர்கள் உதவியைப் பேட்டரியின் பக்கம் நகர்த்துவது நல்லது என்று தோன்றுகிறது. அதிலும் இரண்டாண்டில் செத்துப்போகும் வகைக்கு அல்லாமல், நீடிக்கும் வகைக்கு.

இரவுச் சிக்கலைச் சிறிதாக்க இன்னொரு வழி, செலவையே பகலுக்கு நகர்த்துவது. டமாலேயில் வீடு என்பது பல பெண்களுக்குத் தொழிற்கூடமும்கூட. குளிர வைத்த தண்ணீர் பாக்கெட் விற்பது, தைப்பது, ஷியா வெண்ணெய் எடுப்பது போன்றவை முற்றத்திலேயே நடக்கின்றன. தண்ணீர் பாக்கெட் விற்பவரின் உறைபெட்டி பகலில் ஓடிக் கட்டியாக உறையவைத்தால் இரவில் நிறுத்திவைக்கலாம். பனிக்கட்டியே ஒருவகைச் சேமிப்பு, அதற்குப் பேட்டரி வேண்டாம். தையல் எந்திரம் வெயில் நேரத்தில்தான் ஓடுகிறது. இப்படிப்பட்ட வீட்டில் பேனல் விளைவிப்பதில் பெரும்பங்கு நேராகப் பயன்பட்டுவிடும். வருமானமும் வருவதால் தவணையும் கட்ட முடியும். இந்த வீடுகளிலிருந்து தொடங்குவது நியாயமான வரிசை.

மற்ற வீடுகளுக்கு, மின்கம்பி இருக்கும்வரை, சின்னதாகத் தொடங்குவதே விவேகம்: விளக்கு, விசிறி, தொலைக்காட்சி, கைப்பேசி. பேனலை ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கலாம். அது மலிவு, பின்னால் பயன்படும். குளிர்பதனப் பெட்டியை இரண்டாம் கட்டத்தில் சேர்க்கலாம். தேய்ப்புப் பெட்டியையும் கெண்டியையும் கம்பியிலேயே விட்டுவிடலாம். பேட்டரி வாங்கும்போது கொள்ளளவைக் கேட்பதோடு, உத்தரவாதம் எத்தனை ஆண்டுக்கு, எந்த வெப்பநிலைக்கு எழுதியது என்பதையும் கடைக்காரரிடம் கேட்க வேண்டும். ஹார்மட்டான் மாதங்களில் கூரை ஏறிக் கழுவப்போவது யார் என்பதை, பணம் கட்டும் முன்பே வீட்டுக்குள் பேசி முடிவுசெய்துகொள்வதும் நல்லது.